சோதிக்காமல் போட்ட கையெழுத்து

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவர் ‘இன்னொரு தடவை’. பிரேக்கைப் பார்த்து, கம்பி வடத்தைத் தடவி, கதவைப் பத்து முறை திறந்து மூடி, எல்லாம் சரி என்று கூட வந்த ஆள் பையைக் கட்டும்போது, “எதுக்கும் இன்னொரு தடவை” என்பார். பிறகு தானே உள்ளே ஏறி, கீழிருந்து உச்சிக்கும் உச்சியிலிருந்து கீழேயும் போய் வருவார். அதற்கப்புறம்தான் சர்வீஸ் அட்டையில் கையெழுத்து. இருபத்திரண்டு வருஷத்தில், தான் ஏறிப் பார்க்காத லிஃப்ட்டுக்கு அவர் கையெழுத்துப் போட்டதே இல்லை. ஒருமுறை மேனேஜரே கெஞ்சிப் பார்த்தார்.

“ஐயா, இப்போதைக்குக் கையெழுத்தைப் போடுங்க. நாளைக்கு வந்து பாத்துக்கலாம்.”

“நாளைக்கு வந்து பாத்துட்டு நாளைக்கே போடறேன் சார்.”

அப்படிப்பட்ட மனுஷர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கை காய்வதற்குள், தன் கல்யாண வாழ்க்கைக்கு ஆறு நாள் கையெழுத்தை ஒரே மூச்சில் போட்டு முடித்தார்.

அதற்குக் காரணம் அவருடைய அக்கா. மகள் படிப்புக்காக வேறு ஊர் விடுதிக்குப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. அதிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. சண்டையெல்லாம் இல்லை. ‘சாப்பாடு ஆச்சா’, ‘தண்ணி வந்துச்சா’, ‘கேஸ் மாத்தணும்’. இந்த மூன்றைத் தாண்டிப் பேச்சு போகவில்லை. ஒரு நாள் வந்து உட்கார்ந்திருந்த அக்கா, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னாள்:

“முன்னெல்லாம் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல காத்து போக இடம் கிடையாது. இப்ப லாரியே போகும் போல இருக்கேடா. புருஷன் பொண்டாட்டிக்குன்னு ஓருள்ளப் பயிற்சி நடத்தறாங்களே, அதுக்குப் போயிட்டு வாங்க. என் நாத்தனாரும் அவ புருஷனும் போனாங்க. இப்ப ஒரே தலையணைதான்.”

“ஒரே தலையணைன்னா கழுத்து வலிக்காதா?”

“உன்னையெல்லாம் திருத்த முடியாது. பேரு குடுத்தாச்சு, போ.”

அவர் மறுக்காமல் போனதற்கு இன்னொரு காரணம் இருந்தது. அதை அக்காவிடம் சொல்லவில்லை. அவர் மனைவி பல்செட் செய்யும் லேபில் வேலை பார்த்தாள். டாக்டர் அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் வரிசை கட்டி, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் சிரிப்பு செய்து கொடுப்பது அவள் தொழில். லேபில் எல்லாரும் அவளைப் ‘பல்லக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த லேப், இன்னொரு ஊரில் புதுக் கிளை திறக்கப் போகிறது. அதற்கு அவளைத் தலைமை ஏற்று நடத்தச் சொல்லி ஒரு கடிதம் வந்திருந்தது. பயிற்சிக்கு அடுத்த சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள், அவ்வளவுதான். அவர் முதல் நாளே அதை அபாய அறிவிப்பைப் படிப்பதுபோல நின்ற இடத்திலேயே படித்து முடித்துவிட்டார். படித்தேன் என்று காட்டிக்கொண்டால் கேட்க வேண்டும். கேட்டால் பதில் வரும். போகிறேன் என்று அவள் சொல்லிவிட்டால்? ஆகவே அவர் கடிதத்தைப் பார்க்காதது மாதிரி அதன்மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டார். நாலு நாள் அப்படியே போனது. ஐந்தாம் நாள் கடிதம் ஃபிரிட்ஜ் மேல் போய்விட்டது. காற்றில் பறக்காமலிருக்க அவள் அதன்மேல் லேபிலிருந்து கொண்டுவந்த ஒரு பிளாஸ்டர் மேல்தாடையை வைத்திருந்தாள். பயிற்சிக்குப் போனால், கேட்காமலேயே எல்லாம் சரியாகிவிடாதா என்று அவருக்கு ஒரு நப்பாசை.

பயிற்சி நடந்தது ஒரு மரச்சாமான் கடைக்கு மேலிருந்த ஹாலில். வழிகாட்டி அம்மா, பக்கத்து அறையில் குழந்தை தூங்குவதுபோல மெல்லப் பேசினார். அவர் கணவர் மைக் பார்த்துக்கொண்டார்.

“துணை பேசுவதற்கு முன்பே துணையின் உள்ளத்தைக் கேட்பவர்தான் உண்மையான இணை” என்றார் வழிகாட்டி அம்மா. அப்போது மைக் வேலை செய்யவில்லை. அவர் கணவர் அதைச் சொல்ல இரண்டு முறை விரலை உயர்த்தினார். மூன்றாம் முறை வாயையும் திறந்தார். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முன் வரிசைக்கு மட்டும் கேட்ட அந்தத் தத்துவத்துக்குப் பின் வரிசையும் சேர்ந்து கைதட்டியது.

கடைசியில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நோட்டு கொடுத்தார்கள். திங்கள் முதல் சனி வரை தினம் ஒரு பக்கம், பக்கத்துக்கு மூன்று கேள்வி. இன்று உங்கள் துணையின் உள்ளத்தில் கண்டது என்ன? சேர்ந்து எத்தனை நிமிடம் கண்மூடி அமர்ந்து வேண்டினீர்கள்? இன்று சொல்லாமல் விட்டது என்ன? கீழே கையெழுத்து. அடுத்த ஞாயிறு மதிப்பெண்.

“கணவர்கள்தான் எழுத வேண்டும்” என்றார் அம்மா. “பெண்கள் சும்மா இருந்தாலே உணர்வார்கள். ஆண்கள் எழுதினால்தான் உணர்வார்கள்.”

வீடு வந்து, அவள் குளிக்கப் போன நேரத்தில் நோட்டைத் திறந்தார். மூன்றாம் கேள்வியைப் பார்த்ததும் ஃபிரிட்ஜ் பக்கம் தானாகக் கண் போனது. தினம் தினம் இந்தக் கேள்வியின் முன்னால் உட்காருவதா? ஒரேயடியாக முடித்துவிட்டால் என்ன? இப்படி நினைத்ததுதான் தாமதம், கை தானாக எழுத ஆரம்பித்தது.

திங்கள்: என் நகைச்சுவையைக் கேட்டு மனம்விட்டுச் சிரித்தாள். செவ்வாய்: என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். புதன்: வேலை செய்துகொண்டே பாட்டு முணுமுணுத்தாள், மனம் மலர்ந்திருக்கிறது. வியாழன்: என்னோடு உலவ வந்தாள். வெள்ளி: கண் கலங்கினாள், ஏழு நிமிடம், அருகிருந்து ஆறுதல் சொன்னேன். சனி: உள்ளத்தில் இருந்ததையெல்லாம் சொன்னாள், நானும் நெகிழ்ந்தேன். கண்மூடி அமர்ந்தது தினமும் பதினைந்து நிமிடம். சொல்லாமல் விட்டது, ஆறு பக்கத்திலும்: எதுவுமில்லை.

ஒரே பேனாவில் எழுதினால் தெரிந்துவிடுமே என்று நீலம், கறுப்பு, மறுபடி நீலம் என்று மாற்றினார். வியாழனைக் கொஞ்சம் சாய்த்து எழுதினார், களைப்பாக இருந்த நாள் என்று தோன்றட்டும் என்று. பொய்யென்றாலும் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் அவருக்கு. எழுதி முடித்து, ஃபிரிட்ஜ் மேலிருந்த இன்னொரு தாடைக்கு, கீழ்த்தாடைக்கு, அடியில் நோட்டைச் செருகிவிட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் தன் பழைய ஜோக்கைச் சொன்னார். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட ஒருவர் போன் பண்ணி, ‘நான் இப்ப எந்த மாடில இருக்கேன்?’ என்று கேட்ட கதை. வழக்கமாக அவள் ‘ம்’ என்பாள். அன்று அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவ்வளவு நல்ல ஜோக்கா அது?

சிரித்து முடித்ததும், “வாங்க, உட்காரலாம். பதினஞ்சு நிமிஷம்” என்றாள். இருவரும் பாயில் கண்மூடி உட்கார்ந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை, அவர் குழாயின் வாஷரை மாற்றி நிமிர்ந்தபோது அவள் அவர் கையைப் பிடித்தாள். கிரீஸ் கையை. “ரொம்ப நன்றிங்க.” இருபத்தொரு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. புதன்கிழமை காலையில் பாத்திரம் தேய்க்கும் சத்தத்தோடு பாட்டும் கேட்டது. சுருதி எங்கேயோ போனாலும் பாட்டு பாட்டுதானே.

மெஷின் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கூட வேலை பார்ப்பவரிடம் சொன்னார்: “எழுதினா நடக்குதுங்க. அப்படியே அச்சு பிசகாம நடக்குது.”

“யாரு எழுதினா?”

“நான்தான். ஒரு சக்தி இருக்கு போல.”

“அப்ப போனஸ் வரும்னு எழுதுங்க.”

“இது ஆன்மிக விஷயம். விளையாடாதீங்க.”

சக்தி வந்தவர் சும்மா இருப்பாரா? அன்று மாலை யாரும் பார்க்காதபோது நோட்டை எடுத்து, வியாழன் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: ‘என் அக்காவை அவளே போனில் கூப்பிட்டு அன்பாகப் பேசினாள்.’ இரு பெண்களுக்கும் நடுவில் ஒன்பது வருஷமாக ஒரு மிக்ஸி விவகாரம் இருந்தது. இது நடந்தால் எதுவும் நடக்கும் என்பது அவர் கணக்கு.

வியாழன் சாயங்காலம் அவள் அவரோடு தெருமுனை வரை உலவி வந்தாள். மாலை ஏழு மணிக்கு அக்காவிடமிருந்து அவருக்குப் போன் வந்தது.

“டேய், உன் பொண்டாட்டிக்கு உடம்புக்கு என்னடா?”

“ஒண்ணுமில்லையே. ஏன்க்கா?”

“என்னைக் கூப்பிட்டு, ‘அண்ணி, முட்டி வலி எப்படி இருக்கு’ன்னு கேக்கறா. டாக்டர் ஏதாவது சொல்லிட்டாரா? மறைக்காம சொல்லு.”

அவருக்கோ தலைகால் புரியவில்லை. அன்று கண்மூடி உட்கார்ந்தபோது சனிக்கிழமைப் பக்கத்தை நினைத்துக்கொண்டார். உள்ளத்தில் இருந்ததையெல்லாம் சொன்னாள். என்ன சொன்னாள் என்று எழுதாமல் விட்டுவிட்டோமே. ‘போகவில்லை’ என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். நாளைக்குச் சேர்த்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது அவள் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். லேபில் பிளாஸ்டர் இறுகுவதற்கு நேரம் பார்க்க வைத்திருக்கும் சின்ன மணிக்கடிகாரம் மேசைமேல் இருந்தது.

“என்னங்க, கை கால் கழுவிட்டு வாங்க. நேரமாகுது.”

“எதுக்கு நேரமாகுது?”

“அழறதுக்கு.”

அவர் துண்டோடு நின்றார்.

“ஏழு நிமிஷம்னு போட்டிருக்கீங்க. எட்டு ஆச்சுன்னா வழிகாட்டி அம்மா மார்க்கைக் குறைச்சிடுவாங்க. நீங்க பக்கத்துல உட்காந்து ஆறுதல் சொல்லணும். உட்காருங்க. ஆரம்பிக்கட்டுமா?” என்று கடிகாரத்தைத் திருகி வைத்தாள். அது டிக்டிக் என்று ஓட ஆரம்பித்தது.

அவர் உட்கார்ந்தார்.

“நீ எப்பலேருந்து...”

“ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துலேருந்து. வேற இடமே கிடைக்கலையா உங்களுக்கு? பல்லு செய்யறவ வீட்டுல தாடைக்கு அடியில யாராவது ஒளிப்பாங்களா?”

“அப்ப திங்கக்கிழமை நீ சிரிச்சது?” அந்த நிலைமையிலும் முதலில் அதைத்தான் கேட்கத் தோன்றியது அவருக்கு.

“அந்த ஜோக்கைப் பதினேழு வருஷமாக் கேக்கறேன்.”

“அக்காகிட்ட பேசினது?”

“அது மட்டும்தாங்க ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. அதையும் ஓரத்துல எறும்பு மாதிரி எழுதி வச்சிருக்கீங்க. கண்ணாடி போட்டுப் படிச்சேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

“ஒண்ணு கேக்கறேன். ஒரு லிஃப்ட்டுக்கு இப்படி ஆறு நாளுக்கு முன்னாடியே கையெழுத்துப் போடுவீங்களா?”

“அது எப்படி? அறுந்து விழுந்தா மனுஷங்க செத்துப்போவாங்களே.” புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில். கேட்ட மாத்திரத்தில் வந்துவிட்டது.

அவள் ‘சரி’ என்பதுபோலத் தலையை மட்டும் அசைத்தாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தான் சொன்னது என்ன என்பது அவர் காதில் அப்போதுதான் விழுந்தது.

அவள் அழுதாள். நடிக்க உட்கார்ந்தவளுக்கு நிஜமாகவே வந்துவிட்டது. ஆறுதல் சொல்ல வேண்டியவர் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏழு நிமிஷம் ஆனதும் மணி கணீரென்று அடித்தது. அவள் நிறுத்தவில்லை. அவர் மணியை நிறுத்தத் தெரியாமல் அதைத் தூக்கிக்கொண்டு போய் அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினார். டப்பாவுக்குள்ளிருந்தும் அது கொஞ்ச நேரம் கத்தியது. அதைக் கேட்டு அவள் அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள். இந்தச் சிரிப்பு திங்கட்கிழமைச் சிரிப்பு மாதிரி இல்லை. மூக்கால் வந்த அசிங்கமான, பழைய சிரிப்பு. அதைக் கேட்டு எத்தனை மாதம் ஆகிறது!

“தினம் பதினஞ்சு நிமிஷம் உட்காந்தோமே” என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. “என்ன வேண்டினீங்க?”

“உண்மையைச் சொல்லட்டுமா?”

“எழுதற மாதிரி சொல்ல வேண்டாம்.”

“ஆஸ்பத்திரிக் கட்டடத்துல மூணாவது மாடிக் கதவு கொஞ்சம் இழுக்குது. அதை நெனச்சிட்டிருந்தேன். ஒத்தக் கண்ணைத் திறந்து பாத்தேன். நீ சிலை மாதிரி உட்காந்திருந்தே. சரி, இவ கடவுளோட பேசிட்டிருக்கா, நடுவுல நாம எதுக்குன்னு மூடிக்கிட்டேன்.”

“நானும்தான் திறந்து பாத்தேன். நீங்க அவ்வளவு பக்தியா இருந்தீங்க. எனக்கு வெக்கமா போச்சு. நான் ஒரு ரிடையர்டு வாத்தியாரோட மேல்வரிசையை நெனச்சிட்டிருந்தேன். முன்பல்லு ரெண்டும் எடுப்பா வருது.” சற்று நிறுத்தினாள். “பாப்பா ஹாஸ்டலுக்குப் போனதுலேருந்து எனக்கு வேண்டவே வரலைங்க. இத்தனை வருஷமா அவளுக்குன்னு கேட்டுக் கேட்டு, எனக்குன்னு என்ன கேக்கறதுன்னே தெரியல. வெறுமனே கண்ணை மூடறேன். இதை யாருகிட்ட சொல்றது? நீங்கதான் பக்கத்துல அவ்வளவு உருக்கமா உட்காந்திருக்கீங்களே.”

“கதவைப் பத்தி உருகிட்டிருந்தேன்மா.”

இப்போது சிரித்தது இரண்டு பேரும். சிரிப்பு அடங்கியதும் அவர் எழுந்து போய் மேல்தாடையைத் தூக்கி, கடிதத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். அதில் அவருடைய தட்டின் வட்டம் நாலு, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருந்தது.

“முதல் நாளே படிச்சிட்டேன்.”

“தெரியும்.”

“எப்படி?”

“எந்தக் காகிதம் கிடந்தாலும் எடுத்து ஓரமா வைக்கற ஆளு, அதுமேல தட்டை வச்சா தெரியாதா? நீங்க ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு நாலு நாள் அங்கேயே விட்டிருந்தேன்.” அவள் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “இப்பவாவது சொல்லுங்க. ஆனா ‘உன் இஷ்டம்’ங்கற வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க.”

அவர் நாக்கு நுனியில் அதுதான் தயாராக நின்றிருந்தது. அதை விழுங்கினார்.

“போகக் கூடாதுன்னு ஆசையா இருக்கு” என்றார். “அது என் பயம். இந்த வீட்டுல சாயங்காலம் நான் மட்டும் இருந்தா என்ன பண்ணுவேன்னு தெரியல. சமையல்கூடப் பரவாயில்ல. யாருகிட்ட ஜோக்கைச் சொல்றது? ஆனா நீ செஞ்ச பல்லைப் போட்டுக்கிட்டு ஒரு அம்மா நம்ம வாசல்ல நின்னு சிரிச்சாங்க பாரு, அன்னைக்கு உன் முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அந்த வேலை உனக்கு வரணும்னும் இருக்கு. ரெண்டும் இருக்கு. எது பெரிசுன்னு பாக்க எனக்குத் தைரியம் இல்ல. அதான் எழுதித் தள்ளிட்டேன்.”

அவள் கடிதத்தின் வட்டங்களை விரலால் ஒருமுறை சுற்றி வந்தாள்.

“நான் போறது உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லைன்னு நெனச்சிருந்தேன்” என்றாள். “அந்தக் கோவத்துலேயே போயிடலாம்னு இருந்தேன். இப்ப கோவம் இல்ல.”

“அப்ப போகலையா?”

“போறேங்க. ஒரு வருஷம். கோவமில்லாம போறேன். வாரக் கடைசியில நீங்க வரணும், இல்ல நான் வரணும். ஜோக்கைப் போன்ல சொல்லுங்க. சிரிப்பு வந்தா சிரிக்கறேன்.”

அவர் எதிர்பார்த்த பதில் அதுவல்ல. ஆனால் ஆறு பக்கம் அவர் எழுதியதில் எதுவும் இந்த ஒரு பதில் அளவுக்கு உண்மையாக இல்லை. பாயை எடுத்து விரித்து, “இன்னைக்குக் கண்ணைத் திறந்துக்கிட்டே உட்காருவோமா?” என்றார்.

“அப்படி உட்காரலாமா?”

“யாரு மார்க் போடப்போறா?”

உட்கார்ந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வேண்டுவது பழக்கமில்லாததால் முதலில் அசட்டுச் சிரிப்புதான் வந்தது. பிறகு அவள், வாய்விட்டு, தனக்கென்று ஒன்றைக் கேட்டாள். என்ன கேட்டாள் என்பது அவருக்குத் தெரியும். அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்குப் போகும் முன் அவர் நோட்டை எடுத்து, ஆறு பக்கத்துக்கும் குறுக்கே கோடு போட்டார். கம்பெனி வழக்கப்படி ஒவ்வொரு கோட்டின் மேலும் ‘சோதிக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் மட்டும், மூன்றாம் கேள்விக்கு எதிரே, ‘இருந்தது. சொல்லியாகிவிட்டது’ என்று சேர்த்தார்.

வழிகாட்டி அம்மா அதைப் புரட்டிப் பார்த்து, “உங்களுக்குள் இன்னும் நிறைய அடைப்பு இருக்கிறது” என்று வருத்தத்தோடு நூற்றுக்குப் பன்னிரண்டு போட்டார். அதுவும் கையெழுத்து அழகுக்காக. முதல் பரிசு வாங்கிய ஜோடி தொண்ணூற்றெட்டு. மேடை ஏறும்போது அந்த மனிதர் தம் மனைவியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, “போட்டோவுக்காவது பக்கத்துல நில்லு” என்றார். அது ஹால் முழுக்கக் கேட்டது. மைக் அன்றைக்கென்று பார்த்து நன்றாக வேலை செய்தது. மைக் பார்க்கும் கணவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு நிம்மதி தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்து அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு அந்த ஊருக்குப் போனார். புது லேப் ஆறாவது மாடி. கட்டடத்தின் வாசலிலேயே அவள் நின்றுவிட்டாள்.

“நீங்க பாக்காம நான் ஏற மாட்டேன்.”

“இது வேற கம்பெனி லிஃப்ட்மா. நான் தொடக் கூடாது.”

“தொட வேண்டாம். கூட வாங்க.”

பெட்டியோடு உள்ளே ஏறினார்கள். கதவு மூடியது. அவர் தலையைச் சாய்த்து வடத்தின் சத்தத்தைக் கேட்டார். ஒவ்வொரு மாடியிலும் நிற்கும்போது லிஃப்ட்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். ஆறுக்குப் போய், கீழே வந்து, மறுபடி ஆறுக்குப் போனார்கள். நாலாவது மாடியைத் தாண்டும்போது லேசாக ஒரு குலுக்கல்.

“பயமா?” என்றார்.

“லிஃப்ட்டுக்கா?”

“பொதுவா.”

“கொஞ்சம். உங்களுக்கு?”

“ரொம்ப.”

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். இது எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. மறுபடி கீழே வந்து கதவு திறந்தபோது, வெளியே நாலு பேர் பொறுமை இழந்து நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

“இறங்கறீங்களா, இல்லையா?”

அவர் பெட்டியைத் தூக்கினார். அவள் அவர் கையை விடாமல், மறு கையால் ஆறாம் எண்ணை அழுத்தினாள்.

“மன்னிச்சுக்குங்க. எதுக்கும் இன்னொரு தடவை.”